போட்டோவில் விழுகிற வண்டி

மோட்டார்தான். வேறு எதுவாக இருக்கப்போகிறது. குத்தாலிங்கம் மாட்டிய வைப்பர் மோட்டார் அது, மாட்டிய அன்றைக்கே எனக்கு அதன் முகம் பிடிக்கவில்லை, எங்கேயோ ஓடையில் கவிழ்ந்த வேனிலிருந்து கழற்றி வந்தது, செத்த வண்டியின் மோட்டார் உயிரோடு இருக்கிற வண்டியில் எத்தனை நாளைக்கு ஓடும். பத்து வருஷம் ஓடியதே என்று யாராவது சொல்லலாம். ஓடட்டுமே. ஓட வேண்டிய நாளில் ஓடவில்லையே. காலையில் வெயில் அடித்தது. பன்னிரண்டு மணிக்குப் பூக்கடையில் மாலைக்குச் சொல்லிவிட்டு என் அம்பாசிடரில் திரும்பி வரும்போது ஐப்பசியின் முதல் மழை பிடித்தது, ஒவ்வொரு துளியும் நெல்லிக்காய் மாதிரி, நான் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு வைப்பர் சுவிட்சைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை தட்டினேன். இரண்டு வைப்பரும் கண்ணாடிக்கு அடியில், எழுப்பினாலும் எழுந்திருக்காத சோம்பேறிகள் மாதிரி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. தலையை வெளியே நீட்டி வழி பார்த்து, நனைந்து, வீடு வந்து, ஷெட்டில் வண்டியை விட்டு, பானெட்டைத் தூக்கினேன். தூக்கும்போதே சொல்லிவிட்டேன், குத்தாலிங்கம் மாட்டிய மோட்டார் செத்துப்போச்சு என்று. என் மனைவி செண்பகவடிவு அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டாள் என்றால் அடுத்த நிமிஷம் போனில் தன் தங்கை கோமுவிடம் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். கோமுவின் புருஷன்தான் குத்தாலிங்கம். எனக்குச் சகலை. அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். அவனும் நானும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. நாளைக்கு அவன் மகளுக்குக் கல்யாணம்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, அதிலும் கணக்கு வாத்தியார் என்னைப் பெஞ்சில் ஏற்றிவிட்டு நான் நிற்பதை மறந்து வீட்டுக்குப் போன நாள் ஒன்று உண்டு, அவர் சட்டையின் நிறம் இப்போதும் எனக்குத் தெரியும், இளம் பச்சை. யார் எந்த இடத்தில் நின்று என்ன சொன்னார்கள் என்பது மட்டும் எனக்கு மறக்காது. குத்தாலிங்கம் சொன்னது அவன் புது வீட்டுப் பால்காய்ப்பு அன்றைக்கு. நான் வண்டியைக் கழுவித் துடைத்து, அவன் வாசலுக்கு நேராக, வீட்டுக்கே ஒரு லட்சணமாக இருக்கட்டும் என்று நிறுத்தியிருந்தேன். எல்லாரும் படம் எடுக்கக் கூடினார்கள். அவன் கேமராக்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கையில் சொம்போடு, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "அண்ணாச்சி, வண்டியக் கொஞ்சம் பின்பக்கம் கொண்டுபோயி நிப்பாட்டுங்க. போட்டோல விழுது." சிரித்தது யார் யார் என்றும் எனக்குத் தெரியும், ஐந்து பேர், அதில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. நான் பின்பக்கம் கொண்டுபோகவில்லை, நேரே என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவியல் பரிமாறுகிற நேரம். செண்பகவடிவு அவியலை விட்டுவிட்டு வர மனமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தாள். அதுவும் நினைவிருக்கிறது. அன்றைக்கே அவன் மாட்டிய மோட்டாரைக் கழற்றி அவன் காலடியில் போட்டிருக்க வேண்டும். கழற்றினால் மழைக்கு என்ன செய்வது என்றுதான் விட்டுவைத்தேன். மாட்டும்போது அவன் ஏதோ சொன்னான், ஒரு விரலால் ஒரு இடத்தைக் காட்டிச் சொன்னான், என்ன சொன்னான், அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. திட்டாக இருந்தால் நினைவிருக்கும். திட்டு இல்லை போலிருக்கிறது.

பரணி ஆவணி மாதம் வந்தாள். குத்தாலிங்கத்தின் மகள், ஆனால் அவன் மகள் மாதிரி இருக்கமாட்டாள், சிரித்த முகம். கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். வந்தவள் என்னிடம் வராமல் நேரே ஷெட்டுக்குப் போய் வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள். "பெரியப்பா, மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க வண்டிதான். வேற வண்டி வந்துச்சுன்னா நான் மணவறைக்கு வரமாட்டேன்." உங்க அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று நான் நான்கு நாள் யோசித்தேன், அதில் எத்தனை குத்தல் இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிறகு வேலையில் இறங்கினேன். சீட் உறை புதிது. தரைக்குப் புதிய விரிப்பு. பானெட்டுக்கு உள்ளே முழுக்கச் சில்வர் பெயிண்ட். உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள் செண்பகவடிவு. குத்தாலிங்கம் பார்ப்பான். எந்த வண்டியைக் கண்டாலும் பானெட்டைத் தூக்கிப் பார்க்காமல் போகமாட்டான், கல்யாண வீட்டிலும் பார்ப்பான். பார்த்து அவன் வாயடைத்து நிற்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு திருகாகக் கழற்றி, துடைத்து, அடியில் ஒரு பூச்சு, காய்ந்ததும் திரும்ப முறுக்கி, மேலே ஒரு பூச்சு, பதினோரு நாள் வேலை. ஆயுத பூஜை அன்றைக்கு எல்லாத் திருகுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தேன். உள்ளே பார்த்தால் வெள்ளிப் பாத்திரக் கடையில் கும்பாபிஷேகம் நடந்த மாதிரி இருந்தது. அப்படிப்பட்ட வண்டிக்கு இன்றைக்கு வைப்பர் ஓடவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோவிலிலிருந்து ஏற்றிக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் மண்டபம் வரை போகவேண்டும். மழையோ விடுகிற மாதிரி இல்லை. ஷெட்டின் தகரத்தில் விழுகிற சத்தம் ஊரே சேர்ந்து கடலை வறுக்கிற மாதிரி இருக்கிறது.

பியூஸைப் பார்த்தேன். பியூஸ் சரி. வைப்பருக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பியூஸ், இண்டிகேட்டர் போட்டால் மினுக்மினுக் என்று எரிகிறது, ஆகவே பியூஸ் மேல் பழி போடமுடியாது, எனக்கும் போட விருப்பமில்லை. சுவிட்சின் பின்பக்கம் பார்க்க டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தேன். அறுபத்தெட்டு வயதில் அந்த இடத்தில் படுப்பது என்றால் கழுத்து ஒரு பக்கம் போகிறது, இடுப்பு ஒரு பக்கம் நிற்கிறது, மூக்கில் வந்து தொங்குகிறது ஒரு சிவப்புக் கம்பி. கண்ணாடி போட்டால் கிட்டே தெரியவில்லை, கழற்றினால் தூரம் தெரியவில்லை, இடது கண்ணில் ஆபரேஷன் செய்த பிறகு வெளிச்சத்தைச் சுற்றி ஒரு வளையம் வேறு. வைப்பர் இல்லாமல் இந்தக் கண்ணோடு மழையில் ஓட்ட முடியுமா என்று பயமாக இருந்தது. ஊர்வலத்தில் நடந்து போகிறவர்கள் முன்னால் போவார்கள். நாதஸ்வரக்காரர் போவார். அவர் முதுகில் முட்டினால். அதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததில் தலை ஸ்டியரிங் கம்பியில் இடித்தது. படுத்த இடத்திலிருந்து செண்பகவடிவின் கால்கள் தெரிந்தன. காப்பி கொண்டுவந்திருக்கிறாள். கோமு போன் பண்ணினாளாம். உடம்பை அலட்டிக்கொள்ள வேண்டாம், புது வெள்ளைக் கார் ஒன்று வாடகைக்குச் சொல்லியாயிற்று, ஐந்து மணிக்குள் சரியாகாவிட்டால் அதில் அழைத்துக்கொள்கிறோம் என்று குத்தாலிங்கம் சொல்லச் சொன்னானாம். அலட்டிக்கொள்ள வேண்டாமாம். இதை எந்த இடத்தில் நின்று சொன்னான் என்று கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்றாள். இடம் தெரியாமல் ஒரு குத்தலை நான் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது. மணி மூன்று.

செண்பகவடிவு போகவில்லை. வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து ஒரு துண்டுப் புகையிலையைக் கிள்ளி நீட்டினாள். கண்ணாடியில் தேய்த்துக்கொண்டு போங்கள், அன்றைக்கு அப்படித்தானே போனீர்கள் என்றாள். புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்த்தால் தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்து ஓடிவிடும், பழைய டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். தூறலுக்குச் சரி. இந்த மழைக்கு அது எங்கே. அன்றைக்கும் அது ஊர் எல்லை தாண்டுவதற்குள் கரைந்து போனது. அன்றைக்கு என்று அவள் சொன்னது பரணி பிறந்த நாளை. இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. பட்டப்பகல், ஆனால் விளக்குப் போட்டுத்தான் ஓட்டினேன், அப்படி ஒரு மழை. கோமுவுக்கு வலி எடுத்துவிட்டது, உள்ளூர் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள், திருநெல்வேலிக்குக் கொண்டுபோ என்றார்கள், பஸ் ஓடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டார்கள். இதே வண்டி. அன்றைக்கும் வைப்பர் ஓடவில்லை, பழைய மோட்டார். பின்சீட்டில் கோமு, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு செண்பகவடிவு. நாற்பது கிலோமீட்டர். வைப்பர் இல்லாத வண்டியில் அந்த மழையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன் என்று நான் சொன்னால் கேட்கிறவர்கள் ஆ என்பார்கள், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய கால்மணி நேரத்தில் பிள்ளை பிறந்தது என்றால் இன்னொரு ஆ. இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், டீக்கடையில், பஸ் நிலையத்தில், பால்காய்ப்பு வீட்டில். அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு மாப்பிள்ளை அழைப்பு, அதற்கு வேறு வண்டி வருமாம். அவள் மணவறைக்கு வரமாட்டேன் என்றது சும்மா, வந்துவிடுவாள், வரத்தான் வேண்டும், வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். அதுதான் எனக்குத் தாங்காது. புகையிலையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நீ போய்ப் பட்டுச்சேலை எடுத்து வை என்றேன்.

டெஸ்ட் லேம்ப் என்பது வேறொன்றும் இல்லை, ஒரு பல்பும் இரண்டு கம்பியும். ஒரு கம்பியைப் பேட்டரியின் எர்த்தில், கரண்ட் திரும்பி வந்து சேருகிற முனையில், கவ்வவிட்டு, இன்னொன்றால் மோட்டாருக்கு வருகிற கம்பியைத் தொட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. சுவிட்சை அணைத்துத் தொட்டால் எரியவில்லை, போட்டுத் தொட்டால் எரிகிறது. ஆகவே சுவிட்ச் சரி, கம்பி சரி, மோட்டார் வாசல் வரை கரண்ட் வந்து நிற்கிறது, மோட்டார் கதவைத் திறக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். மோட்டார்தான், குத்தாலிங்கத்தின் மோட்டார்தான். இதைக் கழற்றி ஒரு தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கோடு, சீர் கொண்டுபோகிற மாதிரி மண்டபத்துக்குக் கொண்டுபோய் அவன் கையில் கொடுக்கலாம். பெரியப்பா சீர். அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன், மூன்று விதமாகப் போகவிட்டுப் பார்த்தேன், மூன்றாவதுதான் நன்றாக இருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் வைத்துவிட்டேன். அப்போதுதான் கை நின்றது. நாற்பது வருஷம் வண்டியோடு கிடந்த கை, அதற்கு என் கோபதாபம் ஒன்றும் தெரியாது, கழற்றுவதற்கு முன்னால் எர்த் பார் என்றது. பார்த்துவிட்டால்தான் என்ன, பார்த்துவிட்டே கழற்றினால் அவன் வாயைத் திறக்க வழியில்லை. ஒரு நீளக் கம்பியின் ஒரு நுனியைப் பேட்டரி எர்த்தில் வைத்து, மறு நுனியை மோட்டாரின் வெறும் உடம்பில் தொட்டேன். மோட்டார் உறுமியது. கண்ணாடியில் இரண்டு வைப்பரும் எழுந்து, காய்ந்த கண்ணாடியில் கிறீச் என்று ஒரு வீச்சு வீசிப் படுத்தன, திரும்ப எழுந்தன. கம்பியை எடுத்தேன், நின்றன. வைத்தேன், எழுந்தன. சிறுபிள்ளை மாதிரி பத்துத் தடவை எடுத்து எடுத்து வைத்தேன். ஆறு மணிக்குப் போய்விடலாம் என்று ஒரு பக்கம் மனசு துள்ளியது, இன்னொரு பக்கம் அந்தத் தாம்பாளமும் வெற்றிலை பாக்கும் என் கையிலிருந்து நழுவிப் போவது தெரிந்தது. மோட்டார் நன்றாக இருக்கிறது. கல் மாதிரி இருக்கிறது.

அப்படியென்றால் எர்த் எங்கே போனது. மோட்டாரிலிருந்து ஒரு கறுப்புக் கம்பி கிளம்பி வண்டியின் தகரத்துக்குப் போய் ஒரு திருகில் முடிகிறது, குத்தாலிங்கம் தனியாக இழுத்து மாட்டியது. மோட்டார் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், வந்த கரண்ட் திரும்பிப் போவதற்கு அது ஒன்றுதான் வழி. அந்தத் திருகைத் தேடினேன். திருகைக் காணவில்லை, சந்தனப் பொட்டுத்தான் இருந்தது. காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம், என் ஆள்காட்டி விரலின் அளவு. நகத்தால் சுரண்டினேன், சந்தனத்துக்குக் கீழே சில்வர் பெயிண்ட், அதற்குக் கீழே திருகு, திருகைக் கழற்றினால் கம்பியின் வளையத்துக்குக் கீழே, தகரம் இருக்கவேண்டிய இடத்தில், இன்னொரு பூச்சு சில்வர் பெயிண்ட், தடியாக, பளபளவென்று, ஒரு குறை சொல்ல முடியாதபடி. இரும்பும் இரும்பும் தொடவேண்டிய இடத்தில் நான் பெயிண்டால் மெத்தை விரித்திருக்கிறேன். ஷெட்டில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்த நிமிஷம்தான் அவன் அன்றைக்குச் சொன்னது என்னவென்று வந்தது, குரலோடு, விரலோடு வந்தது. "அண்ணாச்சி, எங்க வேணும்னாலும் கை வைங்க, இந்தத் திருகுல மட்டும் வைக்காதீங்க." ஐந்து பேர் சிரித்ததை வைத்திருந்த மனசு இதை எங்கே போட்டு வைத்திருந்தது. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன். சில்வர் பொடிப்பொடியாக விரலில் ஒட்டியது, அடியில் வெறும் தகரம் ஒரு காசு அளவுக்குப் பளபளவென்று வட்டமாக வந்தது. தேய்க்கத் தேய்க்க, இப்படியும் அப்படியும் போகிற கையைப் பார்த்துக்கொண்டிருக்க, வேறொரு கை இப்படியும் அப்படியும் போனது கண்ணில் வந்து மாட்டிக்கொண்டது, தள்ளினால் போகவில்லை. கயிறு. அன்றைக்குப் புகையிலை கரைந்து ஒன்றும் தெரியாமல் நான் வண்டியை நிறுத்திவிட்டேன். என்னால் முடியாது என்றேன். சொன்னேன், நான்தான் சொன்னேன். முன்சீட்டில் இருந்த குத்தாலிங்கம் இறங்கி, ரோட்டோர வீடு ஒன்றில் புகுந்து, கொடிக்கயிற்றை ஈரத்துணியோடு அறுத்துக்கொண்டு வந்தான், அந்த வீட்டுக்காரி பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். மோட்டாரிலிருந்து வைப்பரை ஆட்டுகிற கம்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு வைப்பரிலும் கயிற்றைக் கட்டி, ஒரு நுனியை இடது ஜன்னல் வழியாகவும் ஒரு நுனியை வலது ஜன்னல் வழியாக என் நெஞ்சுக்குக் குறுக்காகவும் உள்ளே கொண்டுவந்து, நடுவில் உட்கார்ந்து மாற்றி மாற்றி இழுத்தான். தொட்டில் ஆட்டுகிற மாதிரி. பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே. திருநெல்வேலி வரைக்கும் இழுத்தான், கயிற்றில் ரத்தம் இருந்தது, என் வெள்ளைச் சட்டையில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது, அந்தச் சட்டையைச் செண்பகவடிவு பிறகு கரித்துணியாக்கிவிட்டாள். இந்தக் கயிற்றை நான் கதையில் சொல்வதில்லை. முதலில் ஒரு முறை மறந்திருப்பேன், மறந்தபோது கதை நன்றாக இருந்தது, பிறகு அப்படியே விட்டுவிட்டேன். பால்காய்ப்பு வீட்டிலும் பந்தலில் நின்று பத்துப் பேரிடம் சொன்னேன், நான் மட்டும் இல்லையென்றால் இந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று சொன்னேன், பின்னால் குத்தாலிங்கம் சொம்போடு நின்றான். சொம்போடு. போட்டோ எடுக்கும்போது அவன் கையில் இருந்த அதே சொம்பு. இரண்டுக்கும் நடுவில் அரைமணி நேரம்கூட இல்லை. நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். ஒன்பது வருஷமாக நான் அவன் மேல் வைத்திருந்ததற்கு முன்னால் அவன் என் மேல் வைத்திருந்தது ஒன்று இருந்திருக்கிறது, அது என்னுடையதைவிட அரைமணி நேரம் மூத்தது.

திருகை முறுக்கி, சுவிட்சைப் போட்டுப் பார்த்து, வீசுகிறது என்று தெரிந்ததும் அணைத்தேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. குத்தாலிங்கம் ஷெட்டுக்குள் வந்தான், தலையில் பிளாஸ்டிக் தாள், பட்டு வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது, கையில் ஒரு சுருள் நைலான் கயிறு. என்னைப் பார்க்கவில்லை. அவன் பின்னால் குடையோடு ஓடிவந்த செண்பகவடிவைப் பார்த்துத்தான் பேசினான். வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம், பரணி அதில் மாப்பிள்ளை வந்தால் கண்ணைத் திறந்து பார்க்கமாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்துவிட்டாளாம். "மதினி, அண்ணாச்சிட்ட சொல்லுங்க. மோட்டார் போனாப் போவுது. கம்பியக் கழத்தி விட்டுட்டு நான் முன்னால உக்காந்து கயிறு போட்டு இழுத்துக்கிடுதேன்." செண்பகவடிவு என் பக்கம் திரும்பி, கேட்டீங்களா என்றாள். மூன்று அடி தூரத்தில் சொன்னதை எப்படிக் கேட்காமல் இருப்பேன். பெண்ணின் அப்பன், ஊரே பார்க்கிற ஊர்வலத்தில், பட்டு வேட்டியோடு உட்கார்ந்து வைப்பருக்குக் கயிறு இழுப்பானாம். அவன் கம்பியைக் கழற்றுவதற்காகப் பானெட்டுக்குள் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. சில்வருக்கு நடுவில் அந்தக் காசு அளவு வட்டம் வெயில் மாதிரி பளபளவென்று இருந்தது, பக்கத்தில் சுரண்டிய சந்தனம் உதிர்ந்து கிடந்தது, என் பத்து விரலும் சில்வராக இருந்தது. அவனுக்கு இதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, இருபது வயதிலிருந்து அந்தத் தொழிலில் கிடக்கிறவன். கனெக்ஷன் லூசாக இருந்தது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். "மோட்டார் செத்துப்போச்சுன்னுல்லா சொன்னாங்க மதினி" என்றான், தலையை வெளியே எடுக்காமலே. "மோட்டார் நல்லா இருக்கு, குத்தாலிங்கம்" என்றேன். "எர்த் திருகுக்கு அடியில நான்தான் பெயிண்ட் அடிச்சுட்டேன்." செண்பகவடிவு எனக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதா என்கிற மாதிரி பார்த்தாள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான், ஒவ்வொரு திருகாக, ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தான். பிறகு மெதுவாக நிமிர்ந்தான். "சில்வர் நல்லா அடிச்சிருக்கீங்க அண்ணாச்சி. உள்ளயா இப்படி அடிக்கது." பானெட்டை இறக்கிச் சாத்தியபின்தான் சொன்னான், நான் அன்னைக்கே சொன்னேன்லா என்று. சொல்லாமல் இருக்க அவனால் முடியாது. சொல்லட்டும். இது எந்த இடம், எத்தனை மணி என்று குறித்துக்கொண்டேன். ஷெட், நாலே கால்.

கயிற்றை என்ன செய்வது என்று கேட்டான், முன்பக்கம் கிடக்கட்டும் என்றேன். ஆறு மணிக்கு மேளத்துக்குப் பின்னால் வண்டி நகர்ந்தது. நல்ல மழை, நாதஸ்வரக்காரருக்கு ஒருவர், தவில்காரருக்கு ஒருவர் என்று குடை பிடித்துக்கொண்டு போனார்கள், வைப்பர் வீசுகிற ஒவ்வொரு வீச்சுக்கும் அவர்கள் முதுகுகள் கழுவி வைத்த மாதிரி துலக்கமாகத் தெரிந்தன, வளையமும் இல்லை ஒன்றும் இல்லை. குத்தாலிங்கம் முன்சீட்டில் என் பக்கத்தில். மாப்பிள்ளை மாலையோடு பின்சீட்டில், சங்கரன்கோவில் பையன், பால் பண்ணையில் வேலை. அவன் எட்டிப் பார்த்து, "மாமா, இது என்ன கயிறு, வண்டி நின்னா கட்டி இழுக்கவா" என்றான். வந்த முதல் நாளே. குத்தல் பேச, அதை நான் குறித்து வைக்க, எனக்குப் புதிதாக ஒரு ஆள் கிடைத்துவிட்டான் என்று உள்ளுக்குள் ஒரு தெம்பு. அதற்குள் வாய் கதையை ஆரம்பித்துவிட்டது, எத்தனை தடவை சொன்ன வாய், அதற்குச் சொல்லித்தர வேண்டுமா, இதே வண்டி, இதே மழை, நீங்க கட்டிக்கப் போற பொண்ணு இந்தச் சீட்டுலயே பொறந்திருப்பா என்று ஓடியது. குத்தாலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வைப்பர் ஓடல, நாப்பது கிலோமீட்டர் நான் ஓட்டுனேன், இந்த இடத்தில்தான் எப்போதும் மூச்சு விட்டு நிறுத்துவேன், ஆ வரும். பையன் ஆ என்றான். நான் நிறுத்தவில்லை. "ஓட்டுனது நான். ரோட்டக் காட்டுனது உங்க மாமனாரு. திருநெவேலி வரைக்கும் கயித்த வச்சு வைப்பர இழுத்தாரு. உள்ளங்கை ரெண்டும் கிழிஞ்சு போச்சு." பையன் எட்டிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். குத்தாலிங்கம் திரும்பவில்லை, மடியில் இருந்த கையை ஒரு முறை மலர்த்திப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தான். வைப்பர் வீசிக்கொண்டிருந்தது. மண்டபத்து வாசலில் பேனருக்கு நேராக வண்டியை நிறுத்தினேன், மாப்பிள்ளை இறங்கினான், ஆரத்தி எடுத்தார்கள், மாடி ஜன்னலில் ஒரு பட்டுச்சேலையும் பரணியின் மூக்குத்தியும் தெரிந்து மறைந்தன. போட்டோக்காரப் பையன் குனிந்து ஜன்னலில் தட்டினான். டிரைவரண்ணே, வண்டியக் கொஞ்சம் பின்னால எடுங்க, பேனர் மறைக்குது என்றான். நான் ரிவர்ஸ் கியரில் கை வைத்தேன். இறங்கி அந்தப் பக்கம் நின்ற குத்தாலிங்கம் திரும்பி வந்தான். "அவரு டிரைவர் இல்லப்பா. பொண்ணுக்குப் பெரியப்பா. வண்டி அங்கனயே நிக்கட்டும், போட்டோல விழணும்." எனக்கு நன்றாகக் கேட்டது. இவ்வளவு தெளிவாக எனக்கு எதுவும் கேட்டதில்லை. மழை விட்டிருந்தது, காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டிருந்தது. நான் அதை அணைக்கவில்லை. தலையை வெளியே நீட்டிக் காதைக் காட்டி, "ஏ குத்தாலிங்கம், என்ன சொன்ன, இந்தச் சத்தத்துல கேக்கல" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், வைப்பரைப் பார்த்தான். பிறகு, பால்காய்ப்பு அன்றைக்குச் சொன்னதைவிடச் சத்தமாக, மண்டபத்து வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, இன்னொரு முறை சொன்னான்.